எதுக்கு சார் வம்பு?

புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு இந்த மாதிரி அழைப்புகள் அவ்வப்போது வரும். ஒரு சால்வை, ஒரு பேனா செட், பிஸ்கட், காபி. தலைப்பு: ‘என்னைக் கவர்ந்த ராணுவ வீரர்.’

பாதிப் பேர் மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிப் பேசினார்கள். 2014 ஏப்ரல் 25, காஷ்மீரின் சோபியான் மாவட்டம் என்று தேதியும் இடமும் பிசகாமல் சொன்னார்கள். 2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்தின் உபயம். படம் பார்த்து வந்த பாதி, நிஜத்தில் நடந்த பாதி என்று கலந்து கட்டி அடித்தார்கள். தப்பில்லை. அசோக சக்ரா வாங்கிய ஒரு தமிழ் ஆபீஸரின் பெயர் எட்டாம் வகுப்புக் குழந்தையின் வாயில் வருகிறதே, அது போதும். இரண்டு பேர் கார்கில் விக்ரம் பத்ரா. ஒரு பையன் மட்டும் திருச்சி மேஜர் சரவணன். 1999 மே 29, படாலிக் பகுதி, வீர் சக்ரா. அவனுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன்.

பரிசு கொடுத்துவிட்டுச் சும்மா வந்திருக்கலாம். நடுவர் என்றால் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். மைக்கைப் பிடித்து, “தமிழ்க் குடும்பத்தில் பிறந்து பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரு மேஜர் இருக்கிறார். பெயர் தெரியுமா?” என்று கேட்டேன். சத்தமே இல்லை. “மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்” என்று நானே சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். “எங்க சண்டை போட்டாரு சார்?”

“இலங்கையில.”

“யாரோட?”

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “அது பெரிய கதைம்மா, அப்புறம் சொல்றேன்” என்றேன். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

காபி கொடுக்கும்போது டீச்சர் மெதுவாகச் சொன்னார். “நல்லவேளை சார், நீங்க மேல போகலை. பேரன்ட்ஸ்ல ரெண்டு பக்கமும் இருக்காங்க. எதுக்கு சார் வம்பு?”

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வருஷக்கணக்காகப் பத்திரிகையில் எழுதிக் கிழித்தவன், பதிமூன்று வயதுப் பெண் கேட்ட ஒரு சொல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினேன். இத்தனைக்கும் பேசிக்கொண்டிருந்த விஷயம் என்ன? வீரம்!

அந்தப் பெண்ணுக்கு நான் பாக்கி வைத்த பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

*

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம்.

பரமேஸ்வரன் 1946 செப்டம்பர் 13-ம் தேதி பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அங்கேயே எஸ்.ஐ.இ.எஸ். பள்ளி, கல்லூரி. விஞ்ஞானப் பட்டதாரி. அதற்குப் பிறகு நம்ம ஊர்ப் பக்கம் வந்தார். சென்னை பரங்கிமலையில் இருந்த ஆபீஸர்ஸ் டிரெய்னிங் ஸ்கூலில் பயிற்சி. 1972 ஜூன் 16-ல் மஹர் ரெஜிமென்ட்டில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

மஹர் ரெஜிமென்ட்டுக்கே ஒரு கதை உண்டு. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மஹர் சமூகத்தாரை ராணுவத்தில் எடுப்பதை வெள்ளைக்காரன் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டான். மறுபடி கதவைத் திறக்கச் சொல்லி விடாமல் போராடியவர்களில் முக்கியமானவர் அம்பேத்கர். 1941-ல் ரெஜிமென்ட் உருவானது. பிறகு எல்லாத் தரப்பினரும் சேரும் படையாக மாறியது. அதில் 8-வது பட்டாலியனோடுதான் பரமேஸ்வரன் இலங்கைக்குப் போனார்.

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவிலிருந்து அமைதி காக்கும் படை போகும், இயக்கங்கள் ஆயுதத்தை ஒப்படைக்கும், தமிழர் பகுதிக்கு அதிகாரம் கிடைக்கும். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மக்கள் நம் சிப்பாய்களுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளோடு முழு யுத்தத்தில் இருந்தது. புலிகள் தலைமையைப் பிடிக்கிறோம் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ராத்திரி ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினார்களே, அந்த சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். எதிரி காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பதுகூடத் தெரியாமல் அனுப்பப்பட்டவர்கள்.

இது நடந்து ஆறு வாரம் கழித்து, நவம்பர் 25.

*

யாழ்ப்பாணத்தில் உடுவிலுக்குப் பக்கம் கந்தரோடை. ஆயுதம் இருப்பதாகத் தகவல் வந்து தேடப் போன படை ராத்திரி திரும்பி வருகிறது. மேஜர் பரமேஸ்வரன் முன்னே நடத்தி வருகிறார். பதுங்கியிருந்த புலிகள் சுட ஆரம்பிக்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். பதுங்கித் தாக்குதல் என்றால் என்ன? இடம் அவன் தேர்ந்தெடுத்தது. நேரம் அவன் தேர்ந்தெடுத்தது. நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று முன்கூட்டியே குறி பார்த்து வைத்திருக்கிறான். வெளிச்சம் இல்லை. எத்தனை பேர் என்று தெரியாது. உடம்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தரையோடு தரையாகப் படு. அதில் கேவலம் ஒன்றுமில்லை, நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். ஆனால் குறி வைக்கப்பட்ட இடத்திலேயே படுத்துக் கிடந்தால் ஒவ்வொருவராக முடித்துவிடுவான். பிழைக்க வேண்டும் என்றால் யாராவது ஒருத்தர் யோசிக்க வேண்டும். யோசித்ததோடு எழுந்திருக்கவும் வேண்டும்.

எழுந்திருக்க வேண்டிய அந்த ஒருத்தர்தான் ஆபீஸர். சம்பளம், சல்யூட், மெஸ், பேட்ஜ் எல்லாம் இந்த நாலைந்து விநாடிக்குத்தான். அந்த விநாடியில் அவர் முகத்தைத்தான் சிப்பாய் பார்ப்பான். அவர் படுத்தால் படையே படுத்துவிடும்.

பரமேஸ்வரன் எழுந்தார். நேருக்கு நேர் மார்பைத் திறந்துகொண்டு சினிமா மாதிரி ஓடவில்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு சுற்றிப் போனார். தாக்கியவர்களின் முதுகுப் பக்கம் போய்ப் பாய்ந்தார். அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. கைகலப்பாக மாறியது. ஒருவன் மிகக் கிட்டத்தில் நின்று அவர் மார்பில் சுட்டான். சுட்டவன் கையிலிருந்த துப்பாக்கியையே பிடுங்கி பரமேஸ்வரன் அவனைச் சுட்டார். பிறகும் விழுந்து கிடந்தபடியே, உயிர் போகிற வரைக்கும் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருந்தார். ஐந்து புலிகள் இறந்தார்கள். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் பிடிபட்டன. அவர் நடத்தி வந்த படை அந்தப் பொறியிலிருந்து மீண்டது.

வயது 41.

துப்பாக்கியைப் பிடுங்கியதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது மற்ற இரண்டு. ஒன்று, குண்டு பறக்கும்போது சுற்றிப் போகலாம் என்று யோசிக்கத் தெரிந்த தலை. இரண்டாவது, மார்பில் குண்டு வாங்கியபிறகும் தன் உயிரைவிடப் பின்னால் இருக்கிறவன் உயிர் முக்கியம் என்று பேசிய வாய். கோபத்தில் வருவது வேறு, இது வேறு. இதற்குப் பெயர் பொறுப்பு. நம்மில் எத்தனை பேர் காய்ச்சல் 100 டிகிரி தாண்டினால் ஆபீஸ் போனை எடுக்கிறோம்?

அமைதிப்படையில் போனவர்களில் பரம்வீர் சக்ரா கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான். அவர் உயிரோடு இல்லை.

*

இப்போது அந்தப் பெண்ணின் கேள்வி. யாரோடு சண்டை போட்டார்?

தமிழர்களோடு, அம்மா.

மார்பில் சுட்டவனும் தமிழன். சுடப்பட்டவரும் தமிழர். பரமேஸ்வரனுக்குப் பயிற்சி கொடுத்தது பரங்கிமலை. அந்தப் பையன் சேர்ந்திருந்த இயக்கத்துக்கும் 1983-க்குப் பிறகு பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது இதே இந்திய அரசாங்கம்தான், இதே தமிழ் மண்ணிலும்தான். இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை ஒன்று. அந்தக் கை டெல்லியில் பத்திரமாக இருந்தது. கந்தரோடையில் இருட்டில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள் இவர்கள்.

மழுப்பாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால், அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் அமைதிப்படை புகுந்தது. நோயாளிகள், நர்ஸுகள், டாக்டர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாள் காலை, நாங்கள் டாக்டர்கள் என்று கத்திக்கொண்டு கையைத் தூக்கி வந்தவரும் சுடப்பட்டார். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள், சண்டையில் சிக்கிச் செத்தார்கள் என்றது ராணுவத் தரப்பு. உயிர் பிழைத்த ஊழியர்கள் சொன்னது வேறு. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு அமைதிப்படை என்ன செய்துகொண்டு போனது என்று யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சொல்லட்டும். நாம் கேட்கத்தான் வேண்டும்.

“அப்புறம் என்ன? அந்தப் படையில இருந்தவருக்கு எதுக்கு மாலை?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களோடுதான் இன்றைக்கு என் வாக்குவாதம்.

*

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷமே அக்கவுன்டன்ஸி வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்: ஒரு கணக்கில் எழுத வேண்டிய பற்றை இன்னொரு கணக்கில் எழுதாதே. கடைசியில் கூட்டினால் பேலன்ஸ் ஷீட் சரியாக வந்துவிடும். ஆனால் திருடியவன் தப்பித்துவிடுவான், ஒழுங்காக இருந்தவன் கடனாளியாகிவிடுவான்.

பரமேஸ்வரன் விஷயத்தில் நாம் செய்திருப்பது இதுதான். ஒப்பந்தம் போட்டது ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். சில நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, 32 மாதம் இழுத்த யுத்தத்தை ஆரம்பித்தது டெல்லி. ஆஸ்பத்திரிக்குள் சுட்டவர்கள் வேறு. சுடச் சொன்னவர்கள் வேறு. இந்தப் பற்று மொத்தத்தையும் கொண்டுபோய்க் கந்தரோடையில் இறந்துபோன ஒரு மேஜரின் கணக்கில் எழுதிவிட்டு, அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதே நம் தமிழுணர்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதனால் கொல்லப்பட்ட ஒரு யாழ்ப்பாணத் தமிழனுக்காவது நியாயம் கிடைத்ததா? ஆஸ்பத்திரிக் கொலைகளுக்கு ஒருவராவது பதில் சொன்னாரா? பெயர் தெரிந்தவர் ஒருவரை மறந்தோம். பெயர் தெரியாத குற்றவாளிகள் ஜாலியாக ரிடையர் ஆகிப் பென்ஷன் வாங்கினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

1990 மார்ச் 24-ல் கடைசி அமைதிப்படை வீரர்கள் திருகோணமலையை விட்டுக் கிளம்பி சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார்கள். முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் தரப்பு. அன்றைக்குத் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானவர்களின் மனநிலையும் அதுதான். அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. படையை அனுப்பிய கட்சியோடு பிற்பாடு 2004-ல் கூட்டணி வைக்க முடிந்தது. மந்திரி பதவி வாங்க முடிந்தது. முடிவெடுத்தவர்களை மன்னிக்க 14 வருஷம் போதுமாக இருந்தது. முடிவுக்குக் கட்டுப்பட்டுச் செத்தவனை மன்னிக்க மட்டும் எத்தனை வருஷம் வேண்டும்?

இது ஒரு கட்சிக்கு மட்டும் கேட்கிற கேள்வியும் இல்லை. டெல்லிக்காரர்கள் இன்னும் மோசம். கார்கிலில் இறந்தவர்கள் 527 பேர். இலங்கையில் இறந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர். இரண்டு மடங்குக்கும் மேல். கார்கிலுக்கு வருஷா வருஷம் ஜூலை 26 விஜய் திவஸ். இலங்கைக்கு? ஜெயித்த யுத்தத்துக்கு நாள் இருக்கிறது. சொல்லிக்கொள்ள முடியாத யுத்தத்துக்கு வெறும் நம்பர்தான். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்ததே 2019-ல். அதற்கு வெகுகாலம் முன்பே கொழும்புக்குப் பக்கத்தில், இலங்கைப் பாராளுமன்றம் இருக்கும் பகுதியில், நம் அமைதிப்படைக்கு நினைவுச் சின்னம் கட்டிவிட்டார்கள். யார் கட்டியது? இலங்கை அரசு! இதே அமைதிப்படையை வெளியேற்ற 1989-ல் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது பிரேமதாசாவின் அரசாங்கம். அந்த பிரேமதாசாவை 1993-ல் புலிகளே கொன்றார்கள். இந்தக் கதையில் யாருடைய கணக்கும் சுத்தமில்லை. சுத்தமாக ஏதாவது இருந்தால் அது சாமானியச் சிப்பாயின் கணக்கும் சாமானிய யாழ்ப்பாணத்தானின் கணக்கும்தான்.

2023-ல் அந்தமானில் பெயரில்லாமல் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயரை வைத்தார்கள். பரமேஸ்வரனுக்கும் ஒரு தீவு. மகிழ்ச்சி. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் பெயரை நடுக்கடலில் வைப்பது சுலபம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் கதையோடு வைப்பதுதான் கஷ்டம். சென்னை சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையில் ராணுவத்தினருக்கான குடியிருப்பு ஒன்று ‘பரமேஸ்வரன் விஹார்’. தினமும் அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் நூறு பேரை நிறுத்தி, யார் இந்தப் பரமேஸ்வரன் என்று கேளுங்கள். ஏதோ பில்டர் பெயர் என்பார்கள்.

சினிமா? முகுந்த் கதையை எடுக்கலாம். எதிரி வேறு மொழிக்காரன், வேறு ஊர்க்காரன். விசிலடிக்கச் சௌகரியம். பரமேஸ்வரன் கதையில் கிளைமாக்ஸில் இரண்டு பக்கமும் தமிழ் பேசினால் நாம் எதற்கு விசிலடிப்பது? இலங்கை விவகாரத்தைத் தொட்ட ‘மெட்ராஸ் கஃபே’ 2013-ல் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கே வர முடியவில்லை. அந்தப் படத்தின் மேல் எனக்கும் விமர்சனம் உண்டு. பார்த்துவிட்டுத் திட்டுவதற்குக்கூட வாய்ப்பில்லாமல் போனதுதான் வருத்தம். எதுக்கு வம்பு!

*

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் தப்பிக்க வழியே இல்லை என்பேன். காரணம் நம்ம பீச் ரோடு.

காந்தி சிலைக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேர் என்று தூண்களோடு நிற்கிறதே, பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். 1914-18 யுத்தத்தில் பிரான்சுக்காகப் போய்ச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938-ல் எழுப்பியது. ஜூலை 14 வந்தால் விளக்கு, பூ, இசை. நவம்பர் 11 வந்தால் மறுபடி மலர்வளையம். நெஞ்சில் மெடல் வரிசையோடு வயதான சொல்தாக்கள் விறைப்பாக நிற்பார்கள். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என் சின்ன வயசில் தெருவுக்கு ஒரு சொல்தா வீடாவது இருக்கும்.

இந்தச் சொல்தாக்கள் எந்த யுத்தத்தில் சண்டை போட்டார்கள்? பலபேர் வியட்நாமில். சுதந்திரம் கேட்ட வியட்நாம்காரனுக்கு எதிராக, அடிமையாக வைத்திருந்த பிரான்ஸ் பக்கம் நின்று. சிலபேர் அல்ஜீரியாவில். அங்கேயும் அதே கதை. நியாயம் எந்தப் பக்கம் என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையனே சொல்லிவிடுவான். அதற்காக எந்தப் புதுச்சேரிக்காரராவது பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தாவிடம் போய், “நீ ஏகாதிபத்தியத்தின் கூலி” என்று சொன்னதுண்டா? சொல்ல மாட்டோம். வீட்டுக் கஷ்டத்துக்குப் படையில் சேர்ந்த பையன், அனுப்பிய இடத்துக்குப் போனான், பக்கத்தில் நின்றவனைக் காப்பாற்றினான், காலில் குண்டோடு திரும்பி வந்தான் என்று புரிந்துகொள்கிறோம். அந்த யுத்தம் தப்பு, அந்தத் தாத்தா கெட்டவர் இல்லை என்ற இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள நமக்குத் தெரிகிறது. பிரெஞ்சுப் பென்ஷன் வந்தால் இன்னும் நன்றாகவே தெரிகிறது!

அந்தப் பக்குவத்தில் கால்வாசி, பிரெஞ்சுச் சீருடைக்குப் பதில் இந்தியச் சீருடை போட்டுக்கொண்டு போன தமிழனுக்கு ஏன் இல்லை? வெள்ளைக்காரன் அனுப்பிய தப்பான யுத்தம் என்றால் நினைவுச் சின்னம். நம் ஆட்களே அனுப்பிய தப்பான யுத்தம் என்றால் மௌனமா?

அதே பீச் ரோட்டில் கார்கில் வீரர்களுக்கும் நினைவிடம் இருக்கிறது. ஜூலையில் 14, 26 என்று இரண்டு நாள் மாலை விழுகிறது. நவம்பரில் 11-ம் தேதி விழுகிறது. 27-ம் தேதி உலகம் பூராவும் ஈழத்தமிழர்கள் மாவீரர் நாள் விளக்கேற்றுகிறார்கள். இறந்த பிள்ளைக்காக ஒரு தாய் விளக்கேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது. அதற்கு இரண்டு நாள் முன்னால் 25-ம் தேதி. நான் பார்த்தவரைக்கும் பீச் ரோட்டில் அன்றைக்குக் கடல் மட்டும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.

*

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கூட்டம் வரும் என்று தெரியும். “சபாஷ், இப்பத்தான் தேசபக்தியா எழுதறீங்க” என்று தோளில் தட்ட வருவார்கள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் சார்.

பரமேஸ்வரனின் வீரத்தைச் சொல்லி அமைதிப்படை செய்த எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்கப் பார்ப்பதும் அதே கள்ளக் கணக்குதான். அவருடைய வரவை எடுத்து டெல்லியின் பற்றில் நேர்செய்யப் பார்க்கிறீர்கள். ஒருவர் துப்பாக்கிக்கு நேராக எழுந்தார் என்பதால் அவரை அங்கே நிறுத்தியவர்களின் புத்திசாலித்தனம் நிரூபணம் ஆகிவிடாது. உண்மையில் ஒவ்வொரு பரம்வீர் சக்ராவுக்குப் பின்னாலும் ஒரு கேள்வி எழ வேண்டும். இந்த மனிதர் இவ்வளவு வீரம் காட்ட வேண்டிய நிலைமை ஏன் வந்தது? எதிரியின் பலம் தெரிந்துதான் அனுப்பினோமா? எதற்குப் போகிறோம் என்று போகிறவனுக்காவது தெரிந்திருந்ததா? அமைதி காக்கப் போனவன் யுத்தம் செய்ய வேண்டி வந்தது எப்படி? மேஜருக்கு மாலை போடும் கையோடு இந்தக் கேள்விகளையும் கேட்காவிட்டால், அடுத்த மேஜருக்கும் இதே குழியை வெட்டி வைக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். பரமேஸ்வரன் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டதும் படுத்துக் கிடக்காமல் எழுந்து சுற்றிப்போய் ஆட்களை மீட்டார். அவரை அனுப்பியவர்கள் தப்பான இடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தும் 1990 வரைக்கும் படுத்தே கிடந்தார்கள். தப்பு நடந்துவிட்டது என்று எழுந்து நின்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அங்கே குண்டுகூடப் பறக்கவில்லை. போனால் ஒரு தேர்தல் போயிருக்கும். கடைசியில் 1989 தேர்தல் போகத்தான் போனது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் அதைவிடப் பெரிய விலையை இந்த நாடே கொடுத்தது.

*

நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. சிலை வேண்டாம். புதுச்சேரியில் சிலைக்கு இடமும் இல்லை, இருக்கிற சிலைகளைக் காக்காயிடமிருந்து காப்பாற்றவே ஆள் இல்லை.

பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் வேண்டும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும். அந்த இரண்டு பக்கத்தில் எல்லாமே வர வேண்டும். 1983-ல் அகதிகள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியது, நாம் ஆயுதம் கொடுத்தது, 1987 ஒப்பந்தம், மாலை போட்ட யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரியில் விழுந்த பிணங்கள், கந்தரோடையில் எழுந்து நின்ற மேஜர், துறைமுகத்துக்கு வராத முதல்வர். எதையும் விட வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாது என்று சொல்லாதீர்கள். அந்தப் பெண் ஒரே வார்த்தையில் ‘யாரோட’ என்று கேட்டாளே, நம் பாராளுமன்றத்தில் எத்தனை பேர் அவ்வளவு நேராகக் கேட்டார்கள்?

வரும் நவம்பர் 25 சாயந்தரம் நான் பீச் ரோட்டுக்குப் போகப்போகிறேன். கையில் இரண்டு முழம் பூ இருக்கும். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. பிரெஞ்சு நினைவுச் சின்னத்தின் கேட் அன்றைக்குப் பூட்டியிருக்கும். கார்கில் நினைவிடம் வேறு யுத்தத்துக்கு. பரவாயில்லை, கடலில் விட்டுவிடலாம். அக்கரையில்தானே யாழ்ப்பாணம். ஒரு முழம் மேஜருக்கு, இன்னொரு முழம் தீபாவளியன்று ஆஸ்பத்திரியில் இறந்தவர்களுக்கு. இரண்டையும் ஒரே கையால் போட முடியாது என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போன் செய்துவிட்டேன். அடுத்த வாரம் எட்டாம் வகுப்புக்கு அரைமணி நேரம் கேட்டிருக்கிறேன். டீச்சர் ரொம்ப நேரம் யோசித்தார்.

“பேரன்ட்ஸ் யாராவது வந்து சண்டை போட்டா என்ன சார் பண்றது?”

“என்கிட்ட அனுப்புங்க டீச்சர்” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவரே சொன்னார்.

“சரி சார், வாங்க. நானும் கிளாஸ்ல இருக்கேன்.”